பாசியின் ரகசியத்தைக் கண்ட டாக்டர்

கம்பம் பள்ளத்தாக்கில் குளங்களும் கண்மாய்களும் நிறைய உண்டு. கோடைக் காலத்தில் அவற்றில் சில பச்சை நிறமாக மாறிவிடும். கையால் அள்ளினால் கொழகொழ என்று இருக்கும். அதுதான் பாசி. படித்துறையில் பாசி படிந்தால் கால் வழுக்கும். துணி துவைக்க வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு அந்தப் பாசியை உற்றுப் பாருங்கள். சின்னஞ்சிறு குமிழிகள் அதில் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வரும். பொழுது சாய்ந்தால் குமிழிகள் நின்றுவிடும்.

அந்தக் குமிழியில் என்ன இருக்கிறது? அது ஏன் வெயிலில் மட்டும் வருகிறது?

இதற்கு விடை கண்டுபிடித்தவர் ஒரு டாக்டர். அவர் கண்டுபிடித்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று உலகில் பல ஊர்களில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய பாசி உதவுகிறது. அதற்கு அடிப்படை, அந்த டாக்டர் கண்ட உண்மைதான்.

அவர் பெயர் ஜான் இங்கன்ஹவுஸ். ஒரு மகாராணியின் குடும்பத்தைப் பெரியம்மையில் இருந்து காப்பாற்றியவரும் அவரே.

மருந்துக்கடைக்காரர் மகன்

ஐரோப்பாவில் ஹாலந்து என்று ஒரு நாடு இருக்கிறது. கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த பூமி அங்கே நிறைய உண்டு. எங்கு பார்த்தாலும் வாய்க்கால்தான். அந்த நாட்டில் பிரெடா என்ற ஊரில் 1730-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி இங்கன்ஹவுஸ் பிறந்தார். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தார்.

இங்கன்ஹவுஸ் சிறுவனாக இருந்தபோது ஒரு சண்டை மூண்டது. இங்கிலாந்துப் பட்டாளம் பிரெடாவுக்குப் பக்கத்தில் வந்து தங்கியது. அந்தப் பட்டாளத்து டாக்டர் ஜான் பிரிங்கிள் என்பவர். அவருக்கும் மருந்துக்கடைக்காரர் குடும்பத்துக்கும் நட்பு ஏற்பட்டது. சண்டை முடிந்து பட்டாளம் போய்விட்டது. நட்பு மட்டும் போகவில்லை. பிற்காலத்தில் அந்த நட்புதான் இங்கன்ஹவுசின் வாழ்க்கையையே மாற்றியது.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். டாக்டருக்குப் படித்தார். 1753-ல் பட்டம் பெற்றார். அதோடு விடவில்லை. லைடன், பாரீஸ், எடின்பரோ ஆகிய நகரங்களுக்குப் போய் மேலும் படித்தார். பிறகு ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார்.

1764-ல் தந்தை காலமானார். அதன் பிறகு இங்கன்ஹவுஸ் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பழைய நண்பர் பிரிங்கிள் பெரிய டாக்டராக இருந்தார்.

ஊரை அழித்த அம்மை

அந்தக் காலத்தில் ஐரோப்பாவை நடுங்கவைத்த நோய் பெரியம்மை. 100 பேருக்கு அது வந்தால் 20 முதல் 30 பேர் வரை இறந்துபோவார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போய்விடும்.

நம் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோவிலுக்குச் சித்திரைத் திருவிழாவில் எவ்வளவு கூட்டம் வருகிறது! அம்மனிடம் வேண்டிக்கொள்வதைத் தவிர, அந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்தியாவில் பெரியம்மை அடியோடு நின்றது 1975-ல்தான். உலகத்தை விட்டே அது ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்தார்கள்.

ஜென்னர் என்ற டாக்டர் மாட்டு அம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்தியது 1796-ல். இங்கன்ஹவுஸ் காலத்தில் அது இல்லை. அப்போது இருந்தது வேறு முறை. லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்தில் இருந்து சிறிது சீழ் எடுப்பார்கள். ஊசியை அதில் தோய்ப்பார்கள். நன்றாக இருப்பவரின் கையில் லேசாகக் கீறுவார்கள். அவருக்கும் லேசாக அம்மை வந்து இறங்கிவிடும். பிறகு ஆயுள் முழுவதும் பெரியம்மை வராது.

இதில் ஆபத்தும் உண்டு. 100 பேரில் இரண்டொருவர் இறந்துபோகலாம். ஆகவே மக்கள் பயந்தார்கள். பல டாக்டர்களே எதிர்த்தார்கள்.

இங்கன்ஹவுஸ் இந்த வேலையில் கைதேர்ந்தவர் ஆனார். 1767-ல் ஹெர்ட்போர்டுஷயர் என்ற பகுதியில் அம்மை பரவியது. அங்கே 700 கிராமத்து மக்களுக்கு அவர் அம்மை குத்தினார். அவர் பெயர் பரவியது.

மகாராணியின் கண்ணீர்

அப்போது ஆஸ்திரியா நாட்டை ஆண்டவர் மேரியா தெரசா மகாராணி. அவர் பெற்ற குழந்தைகள் 16 பேர். பெரிய நாடு, பெரிய அரண்மனை, பெரிய படை எல்லாம் அவருக்கு இருந்தன. ஆனால் அம்மைக்கு அரண்மனை என்றும் குடிசை என்றும் பேதம் தெரியுமா?

1761-ல் ஒரு மகன் அம்மையில் இறந்தான். மறு ஆண்டு ஒரு மகள் இறந்தாள். 1767-ல் மருமகள் இறந்தாள். மகாராணிக்கே அம்மை கண்டது. சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார். அதே ஆண்டில் 16 வயது மகள் ஜோசபாவுக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நேப்பிள்ஸ் நாட்டு அரசர். மணப்பெண் புறப்பட இருந்த நேரத்தில் அம்மை போட்டது. அவளும் போய்விட்டாள்.

இனியும் பொறுப்பதில்லை என்று மகாராணி முடிவு செய்தார். அரண்மனை டாக்டர்கள் எதிர்த்தும் கேட்கவில்லை. அம்மை குத்தத் தெரிந்த நல்ல டாக்டர் வேண்டும் என்று இங்கிலாந்து அரசருக்குச் சொல்லி அனுப்பினார். யாரை அனுப்பலாம்? பிரிங்கிள், இங்கன்ஹவுசின் பெயரைச் சொன்னார்.

1768-ல் இங்கன்ஹவுஸ் வியன்னா நகருக்குப் போனார். நினைத்துப் பாருங்கள். குத்துவது ராஜகுமாரர்களுக்கு. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் டாக்டரின் கதி என்ன?

முதலில் ஏழைக் குழந்தைகளுக்குக் குத்தினார்கள். அவர்கள் நன்றாக இருந்தார்கள். பிறகு மகாராணியின் இரண்டு மகன்களுக்கும் ஒரு பேத்திக்கும் குத்தினார். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

மகாராணிக்கு ஒரே ஆனந்தம். முதன்முதலில் அம்மை குத்திக்கொண்ட 65 குழந்தைகளை அரண்மனைக்கு அழைத்தார். விருந்து வைத்தார். அந்தக் குழந்தைகளுக்குத் தம் கையாலேயே பரிமாறினார்.

இங்கன்ஹவுஸ் அரண்மனை டாக்டர் ஆனார். ஆயுள் முழுவதும் சம்பளம் கொடுக்க உத்தரவாயிற்று. 1775-ல் வியன்னாவில் அகதா என்ற பெண்ணை மணந்தார். அவருடைய அண்ணன் பெரிய தாவர நூல் நிபுணர்.

வேறொருவராக இருந்தால் இதோடு திருப்தி அடைந்திருப்பார். இங்கன்ஹவுசுக்கு ஆராய்ச்சி ஆசை விடவில்லை.

புதினாவும் மெழுகுவர்த்தியும்

இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவரும் விஞ்ஞானி. 1771-ல் அவர் ஒரு வேடிக்கை செய்தார்.

மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தார். சிறிது நேரத்தில் அது அணைந்தது. உள்ளே இருந்த நல்ல காற்று தீர்ந்துவிட்டது. அந்தப் பாத்திரத்துக்குள் புதினாச் செடி ஒன்றை வைத்தார். 10 நாள் கழித்துப் பார்த்தார். மெழுகுவர்த்தி அதற்குள் மறுபடியும் நன்றாக எரிந்தது! கெட்டுப்போன காற்றைச் செடி நல்ல காற்றாக மாற்றிவிட்டது.

1773-ல் இதற்காகப் பிரீஸ்ட்லிக்கு லண்டன் விஞ்ஞானிகள் சங்கம் பதக்கம் கொடுத்தது. அதைக் கொடுத்துப் பேசியவர் நம் பழைய பிரிங்கிள்தான். அந்தப் பேச்சு இங்கன்ஹவுசின் மனத்தில் பதிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். வேறு சிலர் அதே சோதனையைச் செய்தபோது காற்று நல்லதாக மாறவில்லை. மேலும் கெட்டது! பிரீஸ்ட்லிக்கே சில சமயம் சோதனை பலிக்கவில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை.

3 மாதம், 500 சோதனை

1779-ம் ஆண்டு கோடையில் இங்கன்ஹவுஸ் இங்கிலாந்தில் இருந்தார். லண்டனுக்கு வெளியே, பட்டிக்காட்டில் ஒரு வீடு எடுத்தார். 3 மாதத்துக்குள் 500-க்கு மேற்பட்ட சோதனைகள் செய்தார். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பச்சை இலைகளைத் தண்ணீருக்குள் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தை வெயிலில் வைத்தார். இலையில் குமிழிகள் தோன்றின. பாத்திரத்தை இருட்டில் வைத்தார். குமிழிகள் நின்றுவிட்டன.

வெயிலில் வந்த குமிழிகளைச் சேர்த்தார். அணையப் போகும் திரியை அந்தக் காற்றில் காட்டினார். அது பளிச்சென்று எரிந்தது. குமிழியில் இருந்தது பிராணவாயு. நாம் மூச்சு விடுவதற்கு வேண்டிய அதே வாயு.

இதைச் செய்வது வெயிலின் சூடா, வெளிச்சமா? அதையும் சோதித்தார். வெளிச்சம் இல்லாமல் வெறும் சூடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். நல்ல காற்று வரவில்லை. ஆகவே வேலை செய்வது வெளிச்சமே என்று தெரிந்தது. பூவும் வேரும் இதைச் செய்யவில்லை. பச்சையான பாகங்கள்தான் செய்தன. அதே பச்சை இலைகள் இருட்டில் காற்றைக் கெடுத்தன.

பிரீஸ்ட்லியின் சோதனை ஏன் சில சமயம் பலிக்கவில்லை என்பது இப்போது விளங்கிவிட்டது. வெளிச்சம் இருந்தபோது பலித்தது. இல்லாதபோது பலிக்கவில்லை!

இரவில் புளிய மரத்தடியில் படுக்காதே என்று நம் பாட்டிமார்கள் சொல்வது உண்டு. இங்கன்ஹவுசும் இரவில் செடிகளால் காற்று கெடும் என்று எச்சரித்தார். ஆனால் செடிகள் இரவில் கெடுப்பது கொஞ்சம். பகலில் கொடுப்பதோ மிக அதிகம். அதனால்தான் உலகம் பிழைத்து இருக்கிறது.

அந்த ஆண்டே இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார்.

பச்சைப் படலம்

பிரீஸ்ட்லி வேறொன்றையும் கவனித்திருந்தார். தண்ணீர் வைத்த கண்ணாடிப் பாத்திரங்களில் நாளடைவில் ஒரு பச்சைப் படலம் படிந்தது. வெயில் பட்டதும் அதில் இருந்து நல்ல காற்று வந்தது. அது என்ன பொருள் என்று பிரீஸ்ட்லிக்கு முதலில் விளங்கவில்லை.

இங்கன்ஹவுஸ் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதற்குள் நுண்ணிய உயிர்கள் இருப்பதைக் கண்டார். அவை சிறு பிராணிகளோ என்றுகூட எண்ணினார். அதில் அவர் தவறிவிட்டார். அவை பிராணிகள் அல்ல. வேரும் இல்லை, இலையும் இல்லை. ஆனால் செடியைப் போலவே வேலை செய்யும் நுண்பாசிகள். குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்குவதும் அவைதான்.

பெரிய அறிஞர்களும் தவறுவது உண்டு. ஆனால் வெளிச்சம்தான் காரணம் என்று அவர் சொன்னது இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

கடைசிக் காலம்

1780-ல் மேரியா தெரசா மகாராணி காலமானார். இங்கன்ஹவுஸ் சில ஆண்டுகள் வியன்னாவில் ஆராய்ச்சி செய்தார். பிறகு பயணம் புறப்பட்டார். அந்த நேரத்தில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஐரோப்பா முழுவதும் சண்டை. அவரால் வியன்னாவுக்குத் திரும்ப முடியவில்லை. மனைவி அங்கே, இவர் இங்கிலாந்தில். கடைசி வரை இருவரும் சந்திக்கவில்லை.

1799-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, பவுட் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் இங்கன்ஹவுஸ் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 68.

சாக்கடையில் பாசிக்கு என்ன வேலை?

இங்கன்ஹவுஸ் சாக்கடையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் அல்ல. ஆனால் அவர் கண்ட உண்மை சாக்கடைக்குப் பயன்பட்டது. அது எப்படி?

எல்லாக் கிருமிகளும் கெட்டவை அல்ல. சாக்கடைத் தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று கரைக்கும் கிருமிகள் உண்டு. அவை மூச்சு விடுவதற்குப் பிராணவாயு வேண்டும். தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டால் அந்தக் கிருமிகளால் வேலை செய்ய முடியாது. வேறு கிருமிகள் பெருகும். அழுகிய முட்டை போல நாற்றம் அடிக்கும்.

இங்கேதான் பாசி வருகிறது. பகலில் பாசி பிராணவாயுவைக் கொடுக்கிறது. கிருமிகள் அதை வாங்கிக்கொண்டு அழுக்கைக் கரைக்கின்றன. கிருமிகள் வெளியே விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்கிறது. அழுக்கில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உண்டு வளர்கிறது. ஒன்றுக்கொன்று கொடுக்கல் வாங்கல்! இந்தக் குடும்பம் நடப்பதற்கு வெளிச்சம் ஒன்றுதான் மூலதனம்.

1950-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்டு என்பவர் இதை நன்றாக ஆராய்ந்தார். ஒரு சிக்கலையும் எடுத்துக்காட்டினார். பாசி வளர வளர, மேலே உள்ள பாசி கீழே உள்ள பாசிக்கு நிழலாகிவிடுகிறது. மிகவும் அடர்ந்தால் ஒரு சாணுக்குக் கீழே வெளிச்சம் அவ்வளவாக எட்டாது. கீழே கிடக்கும் பாசி பிராணவாயுவைக் கொடுப்பதற்குப் பதில், இருப்பதையும் எடுத்துக்கொள்ளும்.

கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இது புதிது அல்ல. பந்தலில் கொடியும் இலையும் மிகவும் அடர்ந்தால் கிள்ளிவிடுவார்கள். உள்ளே வெளிச்சமும் காற்றும் போக வேண்டும் அல்லவா?

பாசிக் குட்டையிலும் அதே யுக்திதான். குட்டையை ஆழமாக வெட்டாமல், ஒரு அடி ஆழத்துக்கு வெட்டினார்கள். துடுப்புச் சக்கரம் வைத்துத் தண்ணீரை மெதுவாகச் சுற்ற விட்டார்கள். எல்லாப் பாசிக்கும் முறை வைத்து வெளிச்சம் கிடைத்தது. பாசி செழித்தது. தண்ணீர் சீக்கிரம் தெளிந்தது.

எந்த நிற வெளிச்சம் நல்லது?

வெயில் வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குள் வானவில்லின் எல்லா நிறங்களும் இருக்கின்றன. இவற்றில் பாசிக்குப் பிடித்தது எது?

1882-ல் எங்கல்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கண்டார். நூல் போன்ற ஒரு பாசியின் மேல் வானவில் நிறங்களை விழச் செய்தார். பிராணவாயுவைத் தேடி ஓடும் கிருமிகளைத் தண்ணீரில் விட்டார். கிருமிகள் எங்கே கூடின தெரியுமா? சிவப்பு வெளிச்சமும் நீல வெளிச்சமும் விழுந்த இடங்களில் கூட்டம் கூட்டமாக மொய்த்தன. அங்கேதான் பாசி அதிகப் பிராணவாயுவை விட்டது.

இன்று ஆராய்ச்சி நிலையங்களில் சிவப்பு, நீல எல்.இ.டி. விளக்குகளைப் போட்டுப் பாசி வளர்க்கிறார்கள். வேகமாக வளர்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் வெளிச்சமும் நஞ்சுதான். பாசி வாடிவிடும். மின்சாரச் செலவு வேறு. ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் விளக்குப் போட்டால் கட்டுப்படி ஆகுமா? இனாமாகக் கிடைக்கும் வெயிலை ஒழுங்காகப் பயன்படுத்துவதே முதல் வேலை.

பாசியை ஆராய்வதில் நம் தமிழ்நாட்டுக்கும் பெருமை உண்டு. சென்னையில் 1886-ல் பிறந்து 1963-ல் மறைந்த எம்.ஓ.பி. அய்யங்கார், பாசி ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். நம் குளம் குட்டைகளில் உள்ள பாசிகளுக்கு உலக அறிஞர்கள் நடுவே மதிப்பைத் தேடித் தந்தவர் அவர்.

நம் ஆறு, நம் குடம்

கம்பம் பள்ளத்தாக்கு செழிப்பதற்குக் காரணம் தண்ணீர். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையில் இருந்து மலையைக் குடைந்து வருகிறது பெரியாற்றுத் தண்ணீர். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமாக ஓடி வைகையில் சேருகிறது. 1959-ல் திறந்த வைகை அணையில் தேங்குகிறது. அங்கிருந்து மதுரைக்குக் குடிதண்ணீர் போகிறது.

மேலே உள்ள ஊரின் சாக்கடை ஆற்றில் கலந்தால், அது கீழே உள்ள ஊரின் குடத்துக்குத்தான் வரும். ஆகவே சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்தே வெளியே விட வேண்டும். நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. குளிர் நாட்டுக்காரர்கள் ஏங்கும் செல்வம் இது.

ஒரு எச்சரிக்கை. பச்சைத் தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. சில பாசிகளில் விஷம் உண்டு. பாசியும் கழிவும் மிகுந்த கண்மாயில் இரவெல்லாம் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். விடிவதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். சில சமயம் செத்து மிதக்கும். சாக்கடைக் குட்டையில் வேலை முடிந்ததும் பாசியைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அப்படிச் சுத்தம் செய்த தண்ணீரும் குடிப்பதற்கு அல்ல. பாசி, இருக்க வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் இருந்தால்தான் நன்மை.

பகலில் கொடுக்கும், இருட்டில் எடுக்கும். பாசியின் ரகசியம் இவ்வளவுதான். இதை அறிவதற்கு ஒரு டாக்டர் 3 மாதம் வெயிலிலும் இருட்டிலும் மாறி மாறிக் கண்ணாடிப் பாத்திரங்களை வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த முறை கண்மாய்க் கரையில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் குமிழிகளைக் காட்டுங்கள். மேலே வருவது நாம் மூச்சு விடும் வாயு என்று சொல்லுங்கள். அதைக் கண்டவர், 700 கிராமத்து மக்களுக்கு அம்மை குத்தி உயிர் காத்த ஒரு டாக்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.